அம்மா மலையில் ஒரு நாள் நடை

இங்கிலாந்து என்றதும் நம்மில் பலருக்கு லண்டனும் அதன் பெரிய கடிகாரமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் லீவு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் தெரியுமோ? முதுகில் ஒரு பை, காலில் கனத்த பூட்ஸ், கையில் ஒரு வரைபடம். காலையில் ஒரு கிராமத்திலிருந்து கிளம்பி, மலை ஏறி இறங்கி, சாயங்காலம் அதே கிராமத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். வழியில் கோயில் கிடையாது, கடை கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்கு இத்தனை நடை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சென்ற மே மாதம் என் கால்களே அதற்குப் பதில் சொல்லின.

என் தங்கை ஷெஃபீல்டு நகரில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்தேன். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது அவள் உடம்பு தேறிவிட்டது. மனசு மட்டும் தேறவில்லை. காரணமே இல்லாமல் கண் கலங்கும். பேச்சுக் குறைந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனச்சோர்வு இது என்று டாக்டர் சொல்லி, சிகிச்சையைத் தொடங்கினார். கூடவே, "தினமும் வெளியே நடங்கள்" என்றார். தெரு, பார்க் என்று இரண்டு மாதம் நடந்தாள். நான் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையே, "குழந்தையை நான் பாத்துக்கறேன் அக்கா. ரெண்டு பேரும் ஒரு நாள் மலைக்குப் போயிட்டு வாங்க" என்றார். எடுத்து வைத்த தாய்ப்பால் ஃப்ரிட்ஜில் தயாராக இருந்தது.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் அரை மணிக்குச் சற்று மேலே பயணம் செய்தால் எடேல் என்ற சின்னக் கிராமம். இது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா இதுதான், 1951-ல் அறிவிக்கப்பட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சுற்றிலும் மலை. பசும்புல், சுண்ணாம்பு இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிய சுவர்கள், தாயை முட்டி முட்டிப் பால் குடிக்கும் ஆட்டுக்குட்டிகள். பண்ணை நிலங்களுக்கு நடுவே பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளுக்குக் கைகாட்டி மரம் உண்டு. ஒரே நிபந்தனை: திறந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும்.

நாங்கள் போட்ட வட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். முதலில் 517 மீட்டர் உயரமுள்ள மாம் டார். பெயருக்கு அர்த்தமே 'அம்மா மலை'தான்! களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை இது. மழை நீர் உள்ளே இறங்கினால் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அப்படிச் சரிந்த மண் கீழே குட்டி மேடுகளாக நிற்பதால் அம்மா மலை என்று பெயர் வந்ததாம். அந்தப் பக்கம் போன பெரிய சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்து, முடியாமல் 1979-ல் மூடியே விட்டார்கள்.

ஏற்றம் செங்குத்து. நின்று நின்று ஏறினோம். எங்களைத் தாண்டிப் போன வெள்ளைத்தலைப் பாட்டிமார் இருவர் "ஹலோ" சொல்லிவிட்டு மூச்சு வாங்காமல் போனார்கள்! உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே மண்கோட்டை கட்டி மக்கள் இருந்திருக்கிறார்கள். எதிரே நீளமாகப் படுத்திருக்கும் கிண்டர் மலையில் 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி சில நூறு பேர், முக்கால்வாசி இளம் தொழிலாளர்கள், தடையை மீறி ஏறினார்கள். அந்தக் காலத்தில் அது நிலப்பிரபுக்களின் வேட்டைக்காடு. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். சாமானியர் மலையில் நடக்கும் உரிமைக்கு அது ஒரு திருப்புமுனை.

உச்சியிலிருந்து மலை முதுகிலேயே கல் பாவிய பாதை. இறங்கினால் ஹாலின்ஸ் கிராஸ் என்ற தாழ்ந்த கணவாய். எடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில், இறந்தவர்களைச் சுமந்துகொண்டு இந்த வழியாகத்தான் அந்தப் பக்கத்துக் காசில்டனுக்குப் போனார்களாம். பிறகு எடேலில் பஞ்சாலை வந்தது. காசில்டன் பெண்கள் மழையிலும் பனியிலும் இந்த மலையைத் தாண்டி வேலைக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது எனக்குத் தொண்டையை அடைத்தது. எந்த ஊரானாலும் பெண்கள் காலம் காலமாக நடந்துதான் இருக்கிறோம்: தண்ணீருக்கு, விறகுக்கு, கூலிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு. தனக்காக நடந்தவள் எத்தனை பேர்?

அங்கிருந்து இடது பக்கம் ஒரு பாதை நேரே எடேலுக்கு இறங்குகிறது. தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். "போயிடலாமாடி?" என்றேன். பால் கட்டி மார்பு வலிக்கிறது என்றாள். ஒரு கற்சுவர் மறைவில் போய்ப் பாலைப் பிழிந்து விட்டுவிட்டு வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லக்கா, முழு வட்டமும் போயிடலாம். பாதியில விட்டா இன்னிக்கும் பாதிதான்" என்றாள்.

அடுத்தது பேக் டார் என்ற பாறை முகடு. அன்றைக்கு இருந்ததிலேயே கடினமான ஏற்றம் அது. கையை ஊன்றி ஏறினாள். மேலே நின்று எனக்குக் கை கொடுத்தாள். ஐந்து மாதமாக நான்தான் அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அடிவாரப் பள்ளத்துக்கு வந்து, பண்ணை வழியாக எடேல் ஸ்டேஷன். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து அசந்து தூங்கினாள்.

அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிகிச்சை தொடர்ந்தது, நடையும் தொடர்ந்தது. இப்போதும் மாதம் ஒரு முறை குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள்.

மலை நடை போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* ஏறும்போது சின்னச் சின்ன அடி வையுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம்.

* இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. காலை விறைக்காமல், லேசாக மடக்கி இறங்குங்கள். கையில் ஒரு தடி இருந்தால் நல்லது.

* கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிரும். மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும்.

* தண்ணீரைத் தாகம் வரும் வரை தள்ளிப்போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

* சமீபத்தில் பிரசவமானவர்கள், அதிலும் ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று விட்டுவிடாதீர்கள். நடை நல்ல துணை. ஆனால் அது வைத்தியம் ஆகாது.

மலை இல்லாத ஊரென்றால் ஏரிக்கரையோ, வயல் வரப்போ போதும். போகும் வழி ஒன்று, வரும் வழி வேறு என்று ஒரு வட்டம் போடுங்கள். திரும்பி வந்தால் அதே வீடு, அதே அடுப்புத்தான். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள் கொஞ்சம் புதியவளாக இருப்பாள்.