குடும்பத் திட்டம்: ஊரிலும் மொன்றியலிலும்

சென்ற குளிர்காலத்தில் எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரான பரிசோதனைக்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். கணவருக்கு இரவு வேலை. பகலில் அவர் நித்திரை. ஆகவே பிரெஞ்சு தெரிந்த பத்து வயது மகனைக் கூட்டிச் சென்றார். தாதி ஏதோ கேட்டார். பையன் தயங்கித் தயங்கி, "அம்மா, இனிப் பிள்ளை வேணுமோ எண்டு கேக்கினம்" என்றான். தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். பிள்ளை வேண்டாம் என்றா, மருந்து வேண்டாம் என்றா அவர் சொன்னார்? பையனுக்கும் விளங்கவில்லை, தாதிக்கும் விளங்கவில்லை. ஒரு வருடம் ஆகுமுன் அவர் மீண்டும் கர்ப்பமானார்.

"பெத்த பிள்ளையைக் கொண்டு எப்பிடி அக்கா இதைக் கேக்கிறது?" என்று அவர் பின்னர் எம்மிடம் சொன்னார். இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்த வார்த்தைதான்.

கருத்தடை என்பது எம்மவருக்குப் புதிய சங்கதி அல்ல. இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் 1953ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அதன் மருத்துவப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மருத்துவர். 1958இல் சுவீடன் அரசின் உதவி வந்தது. 1965இல் குடும்பத் திட்டத்தைத் தாய்சேய் நலச் சேவையின் ஒரு பகுதியாக அரசு ஏற்றுக்கொண்டது. 1973இல் 'பிரீதி' என்ற பெயரில் ஆணுறை கடைகளுக்கு வந்தது. பின்னர் வந்த குளிசைக்கு 'மிதுரி' என்று பெயர். சிங்களத்தில் தோழி என்று பொருள்.

ஆனால் பெட்டியின் பெயரைவிடப் பெண்களின் மனதை மாற்றியது வீட்டுப் படலையைத் திறந்து வந்த குடும்பநல மாதுதான் என்பது எமது எண்ணம். அவர் கர்ப்பிணியின் நிறையைப் பார்ப்பார், குழந்தையின் தடுப்பூசிக் கணக்கைக் கேட்பார், அந்தப் பேச்சோடு பேச்சாக "அடுத்ததுக்கு என்ன யோசனை?" என்றும் கேட்டுவிடுவார். மாமியாருக்கு முன்னால் கேட்க மாட்டார். கிணற்றடியில் கேட்பார். பெண்கள் பள்ளிக்கூடம் போனதும், பிறந்த குழந்தைகள் பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை வந்ததும் மற்றைய காரணங்கள். பிள்ளை தங்கும் என்று தெரிந்தால்தானே தாய் இரண்டு மூன்றோடு நிறுத்தத் துணிவாள்?

1993இல் எடுக்கப்பட்ட நாடளாவிய கணிப்பில், திருமணமான பெண்கள் 100 பேரில் 66 பேர் ஏதோ ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தனர். இவர்களில் 44 பேர்தான் நவீன முறையைப் பயன்படுத்தினர். மற்ற 22 பேர் நாள் எண்ணுதல் போன்ற பழைய வழிகளையே நம்பியிருந்தனர். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணிப்பில் சேர்க்கப்படவில்லை. நாடு முழுவதையும் சேர்த்து எடுத்த 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் நவீன முறையினர் 54 ஆக உயர்ந்திருந்தனர்.

நாள் எண்ணுவது பற்றி ஒரு வார்த்தை. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்னர்தான் முட்டை வெளியாகும். அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? இரவு வேலை, கவலை, இடமாற்றம் எல்லாம் சேர்ந்து இங்கு வந்த பலருக்கு மாதக் கணக்கே குழம்பிப்போகிறது. ஊரில் சரிவந்த கணக்கு இங்கு பிழைக்கலாம். தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்பதும் அரை உண்மைதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகுமுன், வேறு உணவு கொடாமல் இரவும் பகலும் பால் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால் மட்டுமே அதை நம்பலாம்.

குளிசை என்றால் எம்மவர் சிலர் பின்வாங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. மலையகத் தோட்டங்களில் 1980 முதல் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அரசு பணம் கொடுத்தது. தொகை பின்னர் 500 ரூபாயாக உயர்ந்தது. வறிய தொழிலாளிப் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட 'தெரிவு' என்பதை நீங்களே யோசியுங்கள். 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், தமக்குச் சரியாக விளக்காமலும் வற்புறுத்தியும் கைக்குள் கருத்தடைச் சாதனம் வைக்கப்பட்டதாகப் பெண்கள் கூறினர். இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெள்ளை அங்கியைக் கண்டால் பயம் வருவது பிழையல்ல.

மொன்றியலும் ஒருகாலத்தில் வேறுவிதமாகவே இருந்தது. இங்குள்ள பிரெஞ்சுக்காரப் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு சகோதரங்களோடு பிறந்தவர்கள் பலர். கருத்தடைச் சாதனம் விற்பதும், அதைப்பற்றி விளம்பரம் செய்வதும் 1969 வரை கனடாவில் குற்றமாக இருந்தன. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1968இல், மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் துணிந்து ஒரு கருத்தடைக் கைநூலை அச்சிட்டனர். அது பின்னர் இலட்சக்கணக்கில் பரவியது.

இன்று இங்கே உங்கள் வயிற்றுக்கு நீங்களே பொறுப்பு. குளிசைக்கோ, லூப்புக்கோ, ஊரில் எல்.ஆர்.ரி. என்று சொல்லும் சத்திரசிகிச்சைக்கோ கணவரின் கையெழுத்துத் தேவையில்லை. கணவரோடு பேசவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பேசுவது நல்லது, அவரையே ஆணுறை வாங்கச் சொல்வது இன்னும் நல்லது. ஆனால் முடிவு உங்களுடையது. 14 வயதான பிள்ளைகளும் இம்மாகாணத்தில் தாமாகவே மருத்துவ ஆலோசனை பெறலாம். இது சில பெற்றோருக்குக் கசக்கும், எமக்கும் முதலில் கசந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டி நேஜ் பகுதிகளில் இருப்போர் தமது சி.எல்.எஸ்.சி.க்குத் தொலைபேசியில் பேசி, நேரம் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். வருபவர் எங்கள் ஊராளாக இருந்தால் கதை வெளியே போகுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். இரகசியம் காப்பது அவரது கடமை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், முகம் தெரியாத ஒருவரைத் தொலைபேசி வழியாகத் தரமுடியுமா என்று கேட்கலாம். 811 என்ற இலக்கத்தில் இரவிலும் தாதி ஒருவரோடு பேசலாம். அகதிக் கோரிக்கையாளர்கள் தமது பத்திரத்தைக் கொண்டுபோய், எந்த மருந்துக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பதை மருந்துக் கடையில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எந்த முறையைக் கேட்பது? ஒவ்வொரு நாளும் குளிசை எடுக்க மறந்துபோகும் என்றால் லூப்பைப் பற்றிக் கேளுங்கள். அது சில வருடங்களுக்கு இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் தாமதிக்கலாம் என்பதால், விரைவில் அடுத்த பிள்ளை வேண்டும் என்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம் இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள், எல்லாக் குளிசையும் எல்லாருக்கும் ஒத்துவராது.

முன்னே சொன்ன சகோதரிக்குக் கடந்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. நலமாக இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எம்மில் ஒருவரைக் கூட வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்.