உங்களுக்குத் தெரியுமா? தீராத கழுத்துவலி, இடுப்புவலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை

● முதுகெலும்பில் பெரும்பாலான எலும்புகள் அடுத்த எலும்போடு மூன்று இடங்களில் சேர்கின்றன. முன்பக்கம் ஜவ்வு. பின்பக்கம், இடதிலும் வலதிலும் ஒவ்வொன்றாக இரண்டு குட்டி மூட்டுகள். ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர்கள் ஜவ்வைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் ‘ஃபேசட்’ எனப்படும் இந்தப் பின்பக்க மூட்டுகளும் நாள்பட்ட வலி தரும் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் கோல்ட்வெயிட் 1911இலேயே எழுதிவிட்டார்.

● ஒரு ஃபேசட் மூட்டின் வலியை மூளைக்குக் கொண்டுபோகிறவை, பெரும்பாலும், நூலளவு மெல்லிய இரண்டு நரம்புக் கிளைகள். ஆகவே ஒரு மூட்டைக் குறிவைத்தாலும் இரண்டு இடத்தில் ஊசி இறங்கும். இந்தக் கிளைகள் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளுக்குப் போகின்றனவே தவிர, கை காலை அசைக்கும் நரம்புகள் அல்ல. “நரம்பைச் சுட்டால் கால் விளங்காமல் போய்விடுமோ?” என்று பயந்து வலியோடே காலம் தள்ளுகிறவர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

● பெயர்தான் சுடுவது. பழுக்கக் காய்ச்சிய ஊசியை யாரும் உள்ளே விடுவதில்லை. ஊசியின் உடல் முழுவதும் மின்காப்பு உறை. நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் திறந்திருக்கும். நொடிக்குச் சுமார் 5 லட்சம் முறை முன்னும் பின்னும் அலையும் மின்னோட்டம் அதன் வழியாகப் பாயும்போது, நுனியைச் சுற்றியுள்ள திசுவிலேயே சூடு பிறக்கிறது. 80 முதல் 90 டிகிரி செல்சியஸ், ஒன்று ஒன்றரை நிமிடம். கத்தி இல்லை, தையல் இல்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

● சூடேற்றுவதற்கு முன் அதே ஊசி வழியாக மெல்லிய மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். முதுகுத் தசை லேசாகத் துடித்தால் இடம் சரி. கால் துடித்தால் ஊசி தவறான நரம்பருகில் இருக்கிறது என்று பொருள். உடனே இடத்தை மாற்றிவிடுவார்கள். ‘எங்கே தெரிகிறது?’ என்ற கேள்விக்கு நோயாளி பதில் சொல்ல வேண்டியிருப்பதால், ஆழ்ந்த மயக்கம் பொதுவாகக் கொடுப்பதில்லை.

● இந்தச் சிகிச்சையின் தொடக்கக் கதை மருத்துவ உலகம் மறக்கக் கூடாத கதை. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மருத்துவர் ரீஸ், முதுகுத் தோல் வழியாக மெல்லிய கத்தியைச் செலுத்தி மூட்டு நரம்பை வெட்டுவதாகச் சொன்னார். அபாரமான வெற்றி என்று பேசப்பட்டது. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி கத்திக்குப் பதிலாக, மின்னோட்டத்தால் சூடேற்றும் ரேடியோ அலை ஊசியைக் கையிலெடுத்தார். சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரேலிய உடற்கூறியல் ஆய்வாளர் நிக்கோலாய் போக்டக்கும் உடன் உழைத்தவர்களும் இறந்தோர் உடல்களை அறுத்து ஆராய்ந்தார்கள். ரீஸின் கத்தி நரம்பை எட்டவே இல்லை. ஷீலி குறிவைத்த இடத்திலும் அந்த நரம்பு இல்லை! நரம்பு உண்மையில் எந்த எலும்பு விளிம்பை ஒட்டி ஓடுகிறது என்று அவர்கள் காட்டிய பிறகுதான் ஊசிக்குச் சரியான இலக்கு கிடைத்தது.

● சரியான இலக்கைத் தொட்டால் என்ன ஆகும்? 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் விடை வந்தது. வாகன விபத்தில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டு, வலி மாறாமல் தவித்த 24 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சூடு. மீதிப் பேருக்கு அதே ஊசி, அதே கருவி, சூடு மட்டும் கிடையாது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. குறைந்த வலி மீண்டும் ஏறிப் பழைய அளவில் பாதியைத் தொடும்வரை கழிந்த காலத்தின் இடைநிலை மதிப்பு, சூடு பெற்றவர்களுக்கு 263 நாள். பெறாதவர்களுக்கு 8 நாள்.

● நிரந்தரக் குணமா? இல்லை. சுட்ட நரம்பு மெல்ல மீண்டும் வளரும். பலன் கிடைத்தவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். வலி திரும்பினால் சிகிச்சையைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

● எம்.ஆர்.ஐ. படம் வலியைக் காட்டுவதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ‘தேய்மானம்’ என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு எத்தனை பேர் குனியவே பயந்து வாழ்கிறார்கள்!

● அப்படியானால் வலிக்கும் மூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகப்படும் நரம்புக் கிளையருகே அரை மில்லி அளவுக்கு மரப்பு மருந்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த சில மணி நேரத்தில் வலி பெருமளவு விட்டால் குற்றவாளி அதுதான். ஊசி போட்ட நம்பிக்கையிலேயே வலி குறைவதும் உண்டு என்பதால், கவனமுள்ள மருத்துவர்கள் வேறொரு நாளில் இன்னொரு மருந்தை வைத்து மறுபடியும் சோதிப்பார்கள். முழுச் சிகிச்சையும் நிற்பது இந்தச் சோதனையின் மேல்தான். சோதனை ஊசி போடாமல், ஸ்கேனை மட்டும் பார்த்து நேரே சுடலாம் என்று யாராவது சொன்னால், தயங்காமல் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.

● பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி, பெரும்பாலும் நரம்பு வேர் அழுந்துவதால் வருவது. மூட்டு நரம்பைச் சுட்டு அதைத் தீர்க்க முடியாது.

● பின்மண்டையில் தொடங்கும் சில தலைவலிகளுக்கு ஊற்று கழுத்தில் இருக்கிறது. கழுத்தின் இரண்டாவது, மூன்றாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டும் அதற்கான நரம்பும் பல நேரங்களில் அவற்றுக்குக் காரணம்.

● மருத்துவ உலகம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான ‘நைஸ்’ 2016இல், மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்து, சோதனை ஊசியிலும் பலன் தெரிந்தால் இதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2017இல் நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்த மூன்று ஆய்வுகள், உடற்பயிற்சியோடு இதையும் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்றன. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறையும் ஊசி வைத்த முறையும் சரியில்லை என்று எதிர்வாதம் எழுந்தது. 2025இல் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழில் வெளியான பரிந்துரை, நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இது வேண்டாம் என்றே சொல்கிறது. என் பார்வையில், பயிற்சியையும் மருந்தையும் பொறுமையாகச் செய்து பார்த்து, சோதனையில் தெளிவாகத் தேறியவர்கள் மட்டுமே யோசிக்க வேண்டிய சிகிச்சை இது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் எல்லோருக்கும் பரிந்துரைப்பது பெரிய அநியாயம்.

● எலும்புக்குள்ளேயே ஓடும் நரம்பையும் சுடலாம்! முதுகெலும்பின் உடல்பகுதிக்குள் இருக்கும் அந்த நரம்பைச் சுடும் கருவிக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது. இங்கே சூடு 15 நிமிடம் நீடிக்கும். ஸ்கேனில் எலும்பின் மேல்தட்டு, கீழ்த்தட்டு ஓரத்தில் குறிப்பிட்ட மாற்றம் தெரிகிறவர்களுக்கு மட்டும்.

● சிகிச்சைக்குப் பின் ஓரிரு வாரம் வலி சற்றுக் கூடலாம். தோல் எரியலாம், மரத்தது போலிருக்கலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, காய்ச்சல் அல்லது தொற்று இருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

● முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ எந்த ஊசிக்கும் நாள் குறிக்க வேண்டாம். அந்த மணி நேரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.