இரண்டாவது வெடி எங்கிருந்து வருகிறது?

மட்டக்களப்பின் செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பிக் கறுத்தப்பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை வயல்கள் தொடங்கிவிடும். இலுப்படிச்சேனை, கரடியனாறு, உறுகாமம் எங்கும் வேளாண்மைதான். பெரும்போக நெல் குடலை தள்ளியதும் காட்டுப்பன்றி இறங்கும்; விளைந்ததும் யானை வரும். வாடியில் இரவுக் காவல் இருப்பவர்களிடையே துவக்குப் பேச்சும் அப்போது வரும். ஒற்றைக்குழல் போதுமா? பம்ப் ரகம் நல்லதா? தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி நல்லதா?

மூன்றுமே பெரும்பாலும் 12 போர்தான். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். தோட்டாவும் ஒன்று, சன்னமும் ஒன்று. குறி தப்பாமல் அடிக்கக்கூடிய தூரமும் முப்பது, நாற்பது மீட்டருக்குள்தான். இரண்டாவது வெடி எப்படி வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கையின் வேலை, வெடியின் வேலை

பம்ப் ரகத்தில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் வரிசையாகக் கிடக்கும். சுட்டபின் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கோது வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். அமெரிக்கரான ஜோன் பிரவுனிங் வடிவமைத்த 1897ஆம் ஆண்டு வின்செஸ்டர் இந்த முறையைப் பரவலாக்கியது. 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. நம் நாட்டில் இவ்வகைத் துவக்கை ரிப்பீட்டர் என்பார்கள்.

அரைத் தானியங்கியில் அந்த வேலையை வெடியே செய்துவிடும். சில ரகங்களில் பின்னுதைப்பின் விசை, சிலவற்றில் குழலிலுள்ள சிறு துளைவழி வரும் வாயு, கோதை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும். முதலில் வெற்றிகரமாகச் சந்தைக்கு வந்த ஓட்டோ-5 துவக்கும் பிரவுனிங்கின் கைவண்ணமே. 1902இல் பெல்ஜியத்தில் அதன் தயாரிப்பு தொடங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை அழுத்தியே ஆகவேண்டும்.

மாரியும் உப்புக்காற்றும்

வேகம் அரைத் தானியங்கிக்குத்தான். வாயு ரகத்தில் தோளில் விழும் உதையும் குறைவு. ஆனால் அது தோட்டாவின் பலத்தை நம்பி ஓடுவது. நமத்துப்போன தோட்டா பலவீனமாக வெடித்தால் பொறி முழுத்தூரம் போகாது, கோது வாயிலில் சிக்கிக்கொள்ளும். கரி படிந்த வாயுத் துளையும் இதே தொல்லை தரும். பெரும்போகம் விளைவது வடகீழ்ப் பருவ மழையில், வாவியின் உப்புக்காற்றில். மாதக்கணக்கில் மூலையில் கிடந்து திடீரென எடுக்கப்படும் துவக்குக்கு இது சின்னக் குறையல்ல.

பம்ப் ரகம் தோட்டாவின் தயவில் ஓடுவதில்லை. வெடிக்காத தோட்டாவையும் ஓர் இழுவையில் எறிந்துவிடலாம். வெடிக்காவிட்டால் உடனே இழுக்காமல், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்து அரை நிமிடம் பொறுப்பது நல்லது. பதற்றத்தில் பிடியை அரைகுறையாக இழுத்தால் இதுவும் சிக்கும். ஒரு கையில் டோர்ச் இருந்தால் இழுக்கவே முடியாது.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். சுட்ட மறுகணமே அரைத் தானியங்கி அடுத்த வெடிக்குத் தயாராக நிற்கும். பன்றியைத் துரத்திச் சேற்று வரம்பில் ஓடுகிறவர் வழுக்கினால் என்னாகும்? பம்ப் ரகத்தில் பிடியை இழுக்கும்வரை அறையில் வெற்றுக் கோதுதான் இருக்கும். முறிக்கும் ஒற்றைக்குழலிலோ, முறித்ததும் குழல் காலியா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தெரிவு யாருடையது?

இவ்வளவும் பேசினாலும் கடைக்குப் போய் விரும்பியதை வாங்கிவர இது உழவு இயந்திரமல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் வேண்டும். பயிர்க் காவலுக்கான விண்ணப்பம் கச்சேரிக்குப் போகிறது. தற்பாதுகாப்புக்கானது பாதுகாப்பு அமைச்சுக்கு. 1971 கிளர்ச்சியில் வீட்டுத் துவக்குகள் பறிபோனதையும், பின்னர் வந்த போர்க்காலத்தையும் அரசு மறக்கவில்லை. தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக வெலிசறையிலுள்ள கடற்படைப் பிரிவிடம் ஒப்படைக்குமாறு 2024இன் இறுதியில் அமைச்சு கேட்டது. கையில் எத்தனை வெடி இருக்கலாம் என்பதில் அரசுக்கும் ஒரு சொல் உண்டு.

யானைக்கு இவற்றில் எதுவுமே ஆகாது. சன்னம் பெரும்பாலும் யானையை உடனே கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட யானை அடுத்து எதிர்ப்படும் மனிதரைத் தாக்கக்கூடும். 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; யானை-மனித மோதலில் 150க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தார்கள். யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம். அதை விரட்ட வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடியும் மின்வேலியும்தான் வழி. பன்றிக்கென்று கட்டும் கட்டுத்துவக்கோ பன்றியையும் அயல்வயல்காரரையும் பிரித்தறியாது.

ஆகவே படுவான்கரை விவசாயிக்கு, உரிமம் இடம்கொடுத்தால், இரண்டில் பம்ப் ரகமே பொருத்தம். பன்றிக்கூட்டம் பெரும்பாலும் முதல் சத்தத்திலேயே கலைந்துவிடும் என்பதால் பலருக்கு ஒற்றைக்குழலே போதும். எந்த ரகமானாலும் தோட்டாவை ஈரம்படாத டப்பாவில் வைத்து, குழலுக்கு எண்ணெய் போட்டு, டிசம்பர் 31 தாண்டுமுன் உரிமத்தைப் புதுப்பித்துவிட வேண்டும். காலாவதியான உரிமத்தோடு இருக்கும் துவக்கு எவ்வளவு நல்லதானாலும் வழக்குப் பொருள்தான்.