விரிசலின் ஒலி கேட்கும் சிமென்ட்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றைக் கடக்கும் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் இடிந்து விழுந்தது. டிராம் ஓடிய பகுதியில் ஏறத்தாழ 100 மீட்டர் நீளம் சரிந்தது. கடைசி டிராம் கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 1971இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் அரிப்பால் விரிசல் கண்டு, காலப்போக்கில் அறுந்துபோயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆபத்தின் அளவு தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இத்தகைய சேதம் ஒலி எழுப்பும். கம்பி அறுந்தாலும் கான்கிரீட்டில் விரிசல் விட்டாலும், சட்டென்று விடுபடும் ஆற்றல் அதிர்வலையாகப் பரவுகிறது. அதில் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருக்கும். டிரெஸ்டனில் விபத்துக்குப் பிறகு, எஞ்சிய பகுதிகளில் இவ்வொலியைப் பிடிக்கும் சென்சர்களைப் பொருத்தினார்கள். அத்தகைய சென்சர்களை வழக்கமாகக் கான்கிரீட்டின் மேற்பரப்பில்தான் ஒட்டுவார்கள். கான்கிரீட்டுக்குள்ளேயே புதைக்க ஏற்றதாக உருவானவைதான் சிமென்ட் கலந்த அழுத்தமின் சென்சர்கள்.

அழுத்தினால் மின்சாரம்

அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் பேட்டரி கிடையாது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் பீங்கான் துண்டை அடிக்கிறது. அந்த அடியில் பிறக்கும் மின்னழுத்தமே தீப்பொறியாகிறது. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். 1880இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதைக் கண்டறிந்தார்கள். இவ்விளைவு எதிர்த்திசையிலும் நடக்கும்: மின்னழுத்தம் கொடுத்தால் அப்பொருள் நுட்பமாக நீண்டு சுருங்கும். எனவே ஒரே துண்டால் அதிர்வை உணரவும் முடியும், அதிர்வை உண்டாக்கவும் முடியும். இன்று பெரிதும் பயன்படுவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பி.இசட்.டி. என்னும் பீங்கான்.

பீங்கானே போதாதா?

ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எல்லையில் ஒரு பகுதி திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதை முடிவுசெய்வது, பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண். கான்கிரீட்டின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர். பி.இசட்.டி.யின் அடர்த்தியோ 7,500 கிலோவுக்கு அருகில். அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கிப் பார்த்தால், பீங்கானுக்குரிய எண் கான்கிரீட்டினுடையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. அதனால் நேராக வந்து மோதும் அலையின் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு எல்லையிலேயே திரும்பிவிடுகிறது.

பீங்கானுடன் சிமென்டைச் சேர்த்தால் அந்த எண்ணைக் கான்கிரீட்டுக்கு அருகில் கொண்டுவரலாம். புதைக்கும் பொருளும் சூழ்ந்திருக்கும் பொருளும் ஒரே இனமாக இருப்பதால் இரண்டும் நன்றாகப் பிணைந்துகொள்ளும். இந்த எண்ணத்தில் 2000களின் தொடக்கத்தில் முக்கியமான ஆய்வுகளைச் செய்தது ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சொங்ஜின் லி குழு.

செய்யும் முறை

பீங்கான் தூளைச் சிமென்டோடு கலந்து சிறு வில்லையாக வார்ப்பது ஒரு முறை. பீங்கான் கட்டியில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய பள்ளங்கள் அறுத்து, அவற்றில் சிமென்டை ஊற்றி நிரப்புவது இன்னொரு முறை. தூள் கலவையில் துகள்களின் மின்முனைகள் ஆளுக்கொரு திசையில் இருப்பதால், வில்லையைச் சூடான எண்ணெயில் வைத்து வலுவான மின்புலத்தில் அவற்றை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். சிமென்டின் நுண்துளைகளில் ஈரம் இருந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து, மின்புலம் துகள்களைச் சரியாக எட்டாது. ஆகவே வில்லையை முன்னதாக நன்கு உலர்த்துகிறார்கள்.

தகவல் தருவது எப்படி?

கான்கிரீட் ஊற்றும்போதே பல இடங்களில் வில்லைகளைப் பதித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தை ஒப்பிட்டு விரிசலின் இடத்தைக் கணக்கிடலாம். ஒரு சென்சர் ஒரு மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால் நொடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். காத்திருக்காமல் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு வில்லையிலிருந்து அலையை அனுப்பி இன்னொன்றில் வாங்கினால், இடையில் விரிசல் விழுந்திருக்கும் பட்சத்தில் அலை வலுவிழந்தோ தாமதமாகவோ வரும்.

எல்லைகள்

மாறாத சுமையை இந்தச் சென்சரால் அளக்க முடியாது. அழுத்தம் நிலைத்து நின்றால், பிறந்த மின்னூட்டம் சிறிது நேரத்தில் கசிந்துவிடும். தூள் கலந்த வில்லை, சுத்தப் பீங்கானைவிடக் குறைவான மின்னூட்டமே தருகிறது. வெப்பநிலையும் ஈரமும் அளவீட்டைப் பாதிக்கும். பீங்கானில் நச்சான ஈயமும் இருக்கிறது. மேலும், உள்ளே புதைத்த வில்லை பழுதானால் எடுத்து மாற்ற வழியில்லை.

பழைய பாலங்களுக்கு மேலே ஒட்டும் சென்சர்களே கதி. புதிய பாலத்துக்கோ கான்கிரீட் ஊற்றும் நாள் போனால் உள்ளே பதிக்கும் வாய்ப்பு மறுபடி வராது. கண்காணிப்புக்கான செலவும் இடமும் வரைபடம் போடும்போதே முடிவாக வேண்டும்.