தேனீ உண்ணி மருந்தும் அரசுப் பதிவும்

தேனீப் பெட்டி வைத்திருக்கும் உழவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. கடையில் மலிவாகக் கிடைக்கும் அமிலம் உண்ணியைக் கொல்லும் என்றால், அதற்கு அரசின் பதிவு எதற்கு? அமெரிக்காவில் ஆக்ஸாலிக் அமிலம் அனுமதி பெற்ற வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

உண்ணியின் தன்மை

வரோவா உண்ணி எட்டுக் கால்களையுடையது. சிலந்தி வகையைச் சேர்ந்தது. பெண் உண்ணி செம்பழுப்பு நிறமாக, சுமார் 1.6 மி.மீ. அகலம் இருக்கும். நம் இந்தியத் தேனீ சேர்ந்துள்ள ஆசியத் தேனீ இனமே இதன் பழைய இருப்பிடம். அதில் பெரும்பாலும் ஆண் தேனீயின் புழு அறைகளில் மட்டுமே பெருகுவதால் கூட்டம் தாக்குப்பிடிக்கிறது. இத்தாலியத் தேனீயிலோ பணித்தேனீயின் புழு அறைகளிலும் உண்ணி பெருகும். கவனியாமல் விட்டால் சில ஆண்டுகளில் கூட்டமே அழிந்துவிடும்.

அமெரிக்காவில் இவ்வுண்ணி 1987-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஃபுளுவாலினேட் மருந்து ஏற்றிய பட்டைகள் முதலில் நல்ல பலன் தந்தன. பின்னர் உண்ணிகள் அம்மருந்தைத் தாங்கும் திறன் பெற்றுவிட்டன. எனவே மாற்று மருந்து தேவைப்பட்டது.

யார் விண்ணப்பிப்பது?

ஆக்ஸாலிக் அமிலம் புதிய பொருளன்று. கீரைகளில் உள்ளது, தேனிலும் இயற்கையாகவே சிறிதளவு உள்ளது, மரத்தை வெளுக்கவும் பயன்படுகிறது. ஐரோப்பாவில் தேனீ வளர்ப்போர் இதைக் கையாண்டு வந்தனர். கனடாவில் 2010-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது.

ஆயினும் அமெரிக்காவில் அனுமதி தாமதப்பட்டது. பதிவுக்கு நச்சுத்தன்மை, தேனில் எச்சம், பயன்படுத்துவோரின் பாதுகாப்பு, பயன்திறன் ஆகியவற்றைப் பற்றிய விவரங்கள் வேண்டும். இவற்றைத் திரட்டப் பெரும் பொருட்செலவு ஆகும். காப்புரிமை உள்ள மருந்தாயின் நிறுவனம் அச்செலவை விற்பனையில் ஈட்டிக்கொள்ளும். யாரும் விற்கக்கூடிய பழைய பொருளுக்கு ஒருவர் செலவு செய்தால், பயன் எல்லோருக்கும் போய்விடும். ஆகவே மலிவான மருந்தே கேட்பாரற்றுக் கிடந்தது.

இந்நிலையில் அமெரிக்க வேளாண்மைத் துறையே பதிவைக் கோரியது. கனடா அரசின் ஆய்வு அமைப்போடு இணைந்து பரிசீலித்ததால் வேலை விரைந்தது. 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதனைப் பதிவு செய்தது.

பதிவு தரும் பயன்

பதிவு என்பது வெறும் முத்திரையன்று. அளவு, முறை, காலம் மூன்றையும் அது வரையறுக்கிறது. அமெரிக்கப் பதிவில் உள்ள சொட்டு முறையைப் பாருங்கள். சம எடைச் சர்க்கரையும் நீரும் கலந்த 1 லிட்டர் பாகில் 35 கிராம் அமிலம். தேனீக்கள் நிறைந்த ஒவ்வோர் அடை இடைவெளிக்கும் 5 மி.லி.; ஒரு கூட்டத்திற்கு 50 மி.லி.க்கு மேல் கூடாது. தேன் அறை பெட்டியில் உள்ளபோது பயன்படுத்தக் கூடாது என்று முதலில் விதித்திருந்தனர். எச்சம் பற்றி மேலும் ஆராய்ந்த பின், 2021-ஆம் ஆண்டு இவ்விதி தளர்த்தப்பட்டது.

இவ்வளவை நம் பெட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மெழுகு மூடியிட்ட அறைக்குள் இவ்வமிலம் புகாது. தேனீயின் உடலில் உள்ள உண்ணியையே கொல்லும். குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் கூட்டில் புழு இராது. அப்போது பலன் மிகுதி. நம் பகுதியிலோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் புழு இருக்கும். அளவு மிகுந்தால் தேனீக்களே மடியும். அமில ஆவி மனிதரின் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

பூச்சிக்கொல்லிகளுக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு முறையை வகுத்தது. முதன்முதலில் பதிவு கோருபவர் 9(3) பிரிவின்படி முழு விவரமும் தர வேண்டும். அதன்பின் அதே மருந்தைத் தயாரிக்க விரும்பும் மற்றவர்கள், அதே நிபந்தனைகளின்மேல் 9(4) பிரிவின்படி பதிவு பெறலாம். முதல் படியை ஒருவர் ஏறினால்தான் பிறருக்கு வழி திறக்கும். போட்டி வந்து விலையும் குறையும். வாணிகர் முன்வராத பொருளுக்கு அரசு நிறுவனமே அம்முதல் படியை ஏறலாம் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மருந்து வாங்கும்போது பதிவு எண்ணையும், தேனீப் பெட்டியில் பயன்படுத்தலாம் என்ற குறிப்பையும் விவரச்சீட்டில் பார்க்க வேண்டும்.

2. பயிருக்கென விற்கும் மருந்தையோ, மரம் வெளுக்கும் அமிலத்தையோ பெட்டியில் இடக் கூடாது. ஒருவர் தேனில் நச்சு எச்சம் காணப்பட்டால், ஊர்த் தேனுக்கே விலை போகாது.

3. மூடிய ஆண் தேனீப் புழு அடைகளை அவ்வப்போது அறுத்து அகற்றினால் உண்ணி குறையும். இதற்கு மருந்தும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

4. உண்ணி மிகுந்தால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையையோ அணுகி, பரிந்துரை பெற்ற பின்னரே மருந்திட வேண்டும்.

மலிவான மருந்து வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அது பதிவு பெற்று நம் கைக்கு வர வேண்டும் என்று தேனீ வளர்ப்போர் சங்கங்களின் வாயிலாக ஒன்றுகூடிக் கேட்டால் பயனுண்டு.