மூலவுரையும் மறுப்புரையும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்டாருள் காலத்தால் முற்பட்டவர் இளம்பூரணர். அவருக்குப் பின்வந்த சேனாவரையர், அவரை மறுக்குமிடத்தும் 'உரையாசிரியர்' என்றே சிறப்பித்துக் குறிக்கின்றார். அவர் கொண்ட பொருளை முதற்கண் எடுத்துரைப்பார். அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டுவார். தம் கூற்றின்மேல் எழக்கூடிய தடையையும் தாமே எழுப்பி விடை தருவார். கருத்து வேறுபாட்டை எழுதும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

எனினும், அம்மறுப்பின் திறமே படிப்போர்க்கு இடராதலும் உண்டு. யாமும் அதற்கு விலக்கல்லேம். இளம்பூரணர் கருத்தென வகுப்பில் பல்லாண்டு யாம் உரைத்தது, சேனாவரையர் மறுத்தற்பொருட்டு எடுத்து மொழிந்த அளவே. "இளம்பூரணர் இதற்கு என்ன காரணம் கூறினார், ஐயா?" என மாணவர் ஒருவர் வினவியபோது வாளா இருந்தேம். அதன் பின்னரே மூலவுரையை முறையாகப் படிக்கலுற்றேம். அவ்வுரை கற்கத் தொடங்குவார்க்கு ஏற்ற எளிமையுடையது. தடைவிடைகளைப் பெரிதும் விரியாது, எடுத்துக்காட்டால் விளக்கி மேற்செல்வது. சேனாவரையரின் தருக்க வன்மையை அதன்கண் தேடுதல் முறையன்று. அவர்தம் மறுப்புக்களுள் பல வலியுடையன என்றே இன்றும் கருதுகின்றேம். ஆயின், சிலவிடத்து இருவரும் வெவ்வேறு வினாவிற்கு விடை கூறுகின்றனரோ என ஐயுறுகின்றேம்.

நூலைக் காணாது, அதன் மதிப்புரையை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறும் ஆய்வேடுகள் எம்மிடம் திருத்தத்திற்கு வருகின்றன. (அவற்றுள் பக்க எண் மட்டும் பிழையின்றி இருக்கும்!) அவற்றைக் கடிந்துகொள்ள எமக்கு இப்போது நா எழுவதில்லை. இவ்வாண்டு முதல், ஒரு நூற்பாவிற்கு இவ்விருவர் உரையையும் வகுப்பில் முழுதும் படித்த பின்னரே எவரும் கருத்துரைத்தல் வேண்டும் எனக் கொண்டுள்ளேம். முதல் நூற்பாவிற்கே மூன்று நாள் சென்றது.