பொதுச்சுவர் வீடுகள்: கல்பாத்தித் தெருவைப் புதுப்பிப்பது எப்படி?

அட்டப்பாடி மலையடிவாரத்து அகளியிலிருந்து இதை எழுதுகிறேன். முக்காலி வளைவுகளில் இறங்கி மண்ணார்க்காடு வழியாகப் பாலக்காடு போய்ச்சேர அரைநாள் ஓடிவிடும். கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் அந்தப் பாதையில் எனக்கு அடிக்கடி போக்குவரத்து உண்டு. சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, கேரளத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுக்கதையாகவே இருக்கும் ஒன்றை எழுதலாம் என்று தோன்றியது. பழைய தெரு வீட்டை என்ன செய்வது? இடிப்பதா, விற்பதா, புதுப்பிப்பதா? இதுதான் கேள்வி.

பாலக்காட்டில் தமிழ் அக்கிரகாரங்கள் பல உண்டு. அவற்றில் பெயர்பெற்றது கல்பாத்தி. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று தெருக்கள் அடுத்தடுத்து வரும். ஆற்றங்கரையிலுள்ள விசுவநாத சுவாமி கோயில் 15ஆம் நூற்றாண்டினது என்பர். காசியில் பாதி கல்பாத்தி என்பது வழக்கு. ஐப்பசி முடிவில், அதாவது நவம்பர் மாதத்தில், தேர் ஓடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தே இருந்தவை அல்ல. 1920களில் ஈழவ மக்கள் இங்கே நடந்துபோகும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. பாரம்பரியம் என்று நாம் பேசும்போது இதுவும் அதில் சேர்ந்ததுதான்.

வீட்டின் அமைப்பு

தெருப்பக்கம் திண்ணை. உள்ளே ரேழி, கூடம், நடுவில் முற்றம் (பாலக்காட்டார் நாவில் மித்தம்), அப்புறம் அடுக்களை, கிணறு, கொல்லை. மேலே மச்சு. அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது, காரணம் அங்கே பக்கத்து வீடு இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் சிங்கப்பூர், பினாங்குக் கடைவீடுகளிலும் இதே ஒட்டடுத்த வரிசை முறைதான். நிலம் மிச்சம், சுவர் மிச்சம், செலவு மிச்சம். ஆனால் யாரும் தனியாக நின்றுவிட முடியாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரே சுவர். இந்தப் பக்க உத்தரமும் அந்தப் பக்க உத்தரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருபுறமும் கூரை மூடியிருப்பதால் அது மழையே பார்க்காத சுவர். மண்ணோ சுண்ணாம்போ சேர்த்துக் கட்டியது. ஒரு வீட்டை இடித்தால் என்ன நடக்கும்? அடுத்த வீட்டுச் சுவர் முதல்முறையாக வெளிச்சுவர் ஆகிறது. பக்கத்தாங்கலும் போச்சு, மழைக்காப்பும் போச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டை வாங்கியவர்கள் மே மாதம் இடித்துவிட்டு, வேலையை நிறுத்திப் போய்விட்டார்கள். ஜூன் பிறந்ததும் மழை. "மழை வந்தப்போ கூடத்துச் சுவர் முழுக்க வேர்த்து ஒழுகறது. நம்ம வீட்டை யாரும் தொடலையே, நமக்கென்ன ஆகப்போறதுன்னு இருந்தேன், கேட்டேளா" என்றார். அந்தச் சுவருக்குத் தார்ப்பாய் கட்டி, முட்டுக்கொடுத்து, மழை விட்டபின் சுண்ணாம்புப் பூச்சு போட்டோம். வீடு தப்பியது. இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் மச்சு இறங்கியிருக்கும்.

ஆக, முதல் விதி இது: பொதுச்சுவரைத் தொடுமுன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்திலேயே, ஒருவர் சொத்து மற்றவர் சொத்தின் தாங்கலைப் பெறும் உரிமை பற்றிச் சொல்லியிருக்கிறது. வேலை தொடங்குமுன் இரு வீட்டிலும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இடிக்கத்தான் வேண்டுமென்றால் முட்டுக்கொடுத்து, ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பிரித்து வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை மழைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாதென்றால் தொடங்கவே கூடாது.

கூரையின் கணக்கு

"ஓடு மாத்தி மாத்தி அலுத்துப்போச்சுங்க, ஒரேயடியா கான்கிரீட் போட்டுடலாமே?" என்று கேட்காதவர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோ. மங்களூர் ஓடும் ரீப்பரும் சேர்ந்து சுமார் 65 கிலோ. கழிக்கோல், உத்தரம் சேர்த்து 100 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 40 சதுர மீட்டர் கூரைக்கு ஓடு என்றால் 4 டன், கான்கிரீட் என்றால் 10 டன். மண் சேர்த்துக் கட்டிய சுவர்மேல் 6 டன் கூடுதல் சுமை. அதில் பாதி உங்களுடையது மட்டுமல்லாத சுவர்மேல் ஏறுகிறது. கான்கிரீட் வேண்டும் என்றே தீர்மானித்தால், சுவரை ஒட்டி உள்பக்கமாகத் தனித் தூண்களும் அஸ்திவாரமும் எழுப்பி, சுமையை அவற்றில் இறக்க வேண்டும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் வரைபடம் அவசியம். மேஸ்திரியின் கண்ணளவு போதாது.

ஓட்டுக்கூரையைப் பழுதுபார்ப்பது அவ்வளவு கஷ்டமல்ல. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிலால் இந்த ஓடு நம் பகுதியெங்கும் பரவியது. பழைய ஓடு நல்லதாயிருந்தால் கழுவித் திரும்பப் போடலாம். உத்தரம் பொதுவாகச் சுவருக்குள் புதைந்த முனையில்தான் உளுக்கும். முழு மரத்தையும் தள்ள வேண்டியதில்லை. கெட்ட முனையை மட்டும் வெட்டி, நல்ல மரம் இணைத்து, இரும்புப் பட்டையால் பிணைக்கத் தெரிந்த ஆசாரிகள் இன்றும் இருக்கிறார்கள்.

சுவர் ஈரமும் சிமெண்டும்

பழைய சுவரின் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்வது இதைத்தான். நாம் என்ன செய்கிறோம்? கீழே நாலு அடிக்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபள பெயிண்ட் அடிக்கிறோம். ஈரம் வெளியேற வழியில்லாமல் அஞ்சாவது அடிக்கு ஏறுகிறது. இரண்டு வருஷத்தில் பூச்சு உப்பி உதிர்கிறது. திரும்பச் சிமெண்ட்!

மருந்து எளிது. சிமெண்டைச் செதுக்கி எடுத்து, ஒரு வேனில் முழுக்கச் சுவரைக் காயவிட்டு, நன்றாக நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று கலந்து பூசுவது. நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும். கூடவே தெருவைப் பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, திண்ணை தாழ்ந்திருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலக்காடு நகரம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். வடிகால் சரியில்லாமல் சுவருக்கு மருந்து பார்த்துப் பயனில்லை.

முற்றத்தைப் பலர் தளம் போட்டு மூடிவிடுகிறார்கள். அதோடு வீடு இருண்டு, புழுங்கிப் போகிறது. சுற்றிலும் ஒரு அடி இடைவெளி விட்டு, உயரத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ அமைத்தால் மழையும் வராது, காற்றும் நிற்காது. பெரியவர்களுக்குப் படுக்கைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். குழாய் மட்டும் பொதுச்சுவருக்குள் போகக் கூடாது. அங்கே கசிந்தால் இரு வீட்டாரும் ஆயுளுக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அனுமதியும் பங்காளிகளும்

கல்பாத்தி பாரம்பரியப் பகுதி. முகப்பை மாற்ற நகராட்சி அனுமதியோடு மாநிலக் கலை, பாரம்பரியக் கமிஷனின் விதிகளையும் பார்க்க வேண்டும். அலைச்சல் அதிகம் என்று அங்கிருப்பவர்கள் குறைபடுவது நியாயமே. கட்டுப்பாடு மட்டும் இருந்து உதவித்தொகை இல்லையென்றால், வீடு பூட்டிக் கிடந்து தானாகவே விழும்.

அதைவிடப் பெரிய முடிச்சு பங்கு. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனிப்பங்கு. ஒருவர் மும்பை, ஒருவர் சென்னை, ஒருவர் அமெரிக்கா. ஓடு மாற்றக்கூட ஐந்து கையெழுத்து. வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்கள் ஒருவரிடம் பராமரிப்புக்கு மட்டுமான அதிகாரப்பத்திரம் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு சிறு தொகை போட்டு வைத்தாலே பாதி வீடு பிழைக்கும்.

பிற ஊர்கள் சொல்வது

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதியில், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இன்டாக் அமைப்பு வரிசையாக முகப்புகளையும் திண்ணைகளையும் சீரமைத்தது. அந்த வேலை 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றது. ஒற்றை மாளிகையை மட்டும் எடுக்காமல் வீதியையே ஒரு வீடாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. சிங்கப்பூர் 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. இருப்பதை முடிந்தமட்டும் வைத்துக்கொள், பக்குவமாய்ப் பழுதுபார் என்பது அங்கே கொள்கை.

பினாங்கு ஜார்ஜ் டவுன் ஓர் எச்சரிக்கை. வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியது, 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. சுவர்கள் அழகாயின, ஆனால் வாடகை ஏறிப் பழைய குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். மறுபுறம் லிவர்பூலில், இடிப்புக்குக் குறித்த கிரான்பி தெருக்களில், மிஞ்சியிருந்தவர்கள் செடி வைத்து, சுவருக்கு வண்ணம் பூசி, 2011இல் சமுதாய நில அறக்கட்டளை அமைத்து வீடுகளை மீட்டார்கள். அவர்களோடு உழைத்த அசெம்பிள் குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது.

கல்பாத்தியிலும் இப்போது பார்வையாளர் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் திண்ணையில் உட்கார ஆளில்லாமல் படம் எடுக்க மட்டும் திண்ணை இருந்தால் அது தெருவாகாது. அடுத்த தேருக்கு ஊர் போகும் குடும்பங்கள் மூன்று காரியம் செய்யலாம்: மச்சில் ஏறி உத்தர முனைகளைப் பார்ப்பது, பங்காளிகளோடு உட்கார்ந்து பராமரிப்புக்கு ஒருவரை நியமிப்பது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பொதுச்சுவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது. மூன்றாவதற்குக் காசு செலவில்லை. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.